மக்கள் பக்கம் திரும்பிய திரை

குமுஷாய் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தது சம்பளத்துக்காக இல்லை. மகள் பெகிமாய் ஒன்றாம் வகுப்புக்குப் போன வருஷம் இவளும் கூடவே போனாள். அண்டாவில் கஞ்சி கிண்டிக்கொண்டே, தட்டேந்தி நிற்கும் பிள்ளைகள் தங்களுக்குள் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருப்பாள். தன் வீட்டுப் பெரியவர்கள் பேசியதை எந்தப் பிள்ளையாவது பெகிமாயிடம் கக்கிவிடுமோ என்ற பயம் அவளுக்கு.

ஒரே ஒரு தடவை அது நடக்கப் பார்த்தது. மூன்றாம் வகுப்பில் ஒரு வாயாடிப் பெண், "எங்க வீட்டுல சொன்னாங்க, உங்கம்மா உன்ன..." என்று ஆரம்பித்தாள். குமுஷாய் கரண்டியோடு பாய்ந்து வந்து, அவள் தட்டில் இருப்பதிலேயே பெரிய ஆட்டிறைச்சித் துண்டைப் போட்டாள். "சாப்பிடு தங்கம், வாய மூடிக்கிட்டுச் சாப்பிடு" என்றாள். அன்று முதல் ஏழு வருஷமாகப் பெரிய துண்டு அந்தப் பெண்ணுக்குத்தான். இந்தப் பிள்ளை மட்டும் எப்படி இப்படி ஊதுகிறது என்று வாத்தியார்கள் வியந்தார்கள்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்ததற்குக் காரணம், அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு மண்சுவர் ஒன்றுதான் இருக்கிறது. நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. கிராம நிர்வாக அலுவலகத்தில் தரை துடைத்து, அடுப்புக்கு நிலக்கரி போடுகிறேன். பேசாதவளிடம் எல்லாரும் பேசுவார்கள்.

பெகிமாய் குமுஷாயின் வயிற்றில் பிறந்தவள் இல்லை. குமுஷாய் ஷைலோபெக்குக்கு வாழ்க்கைப்பட்டு ஏழு வருஷம் ஆகியும் வயிற்றில் ஒரு புழு பூச்சி இல்லை. அந்தச் சமயத்தில் ஷைலோபெக்கின் தம்பி மனைவி நுர்சாத் முழுகாமல் இருந்தாள். அண்ணனுக்குப் பிள்ளை இல்லையென்றால் தம்பியின் தலைப்பிள்ளை அண்ணன் வீட்டுக்குப் போகும். எங்கள் பக்கம் அது பெரிய விஷயம் இல்லை. நுர்சாத்திடம் யாரும் கேட்கவும் இல்லை, அவள் மறுக்கவும் இல்லை. மூன்றாம் நாள் குழந்தையை ஆட்டுத்தோலில் சுற்றி, வாசற்படியைத் தாண்டி ஓரகத்தியின் கையில் கொடுத்தாள். நாற்பது நாள் வந்து பால் கொடுத்துவிட்டுப் போனாள். அந்த நாற்பது நாளும் குமுஷாய் அவளைத் தனியாக விடாமல் அந்த அறையிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு நுர்சாத்தும் புருஷனும் மாஸ்கோவுக்குத் தையல் வேலைக்குப் போனார்கள். அங்கே இரண்டு பையன்கள் பிறந்தார்கள். பெகிமாய்க்கு அவள் சித்தி. பண்டிகைக்குப் பண்டிகை, "சித்தி, போன தடவை அனுப்பின பூட்ஸ் சின்னதாயிடுச்சு" என்று போனில் பேசுவாள்.

பிறப்புச் சான்றிதழ் மட்டும் பெற்றவர்கள் பெயரில் இருந்தது. அதை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. குடும்பப்பெயர் தாத்தாவின் பெயரிலிருந்து வந்தது. அது அண்ணன் தம்பி இருவருக்கும் ஒன்றுதான் என்பதால் பள்ளிக்கூடத்தில் கேள்வி எழவில்லை. குமுஷாய் சான்றிதழை ஒரு நீல மெத்தைக்குள் வைத்துத் தைத்து, மரப்பெட்டி மேல் அடுக்கியிருந்த மெத்தைகளில் அடியில் வைத்துவிட்டாள். எப்போதாவது தேவைப்பட்டால் தையலைப் பிரித்து, தானே கொண்டுபோய்க் காட்டி, தானே திருப்பிக் கொண்டுவந்து மறுபடி தைப்பாள். என் வீட்டுக்குச் சம்பந்தி வீட்டார் வந்தபோது மெத்தை இரவல் கேட்டேன். பத்து மெத்தை கொடுத்தாள். அந்த நீல மெத்தையைக் கொடுக்கவில்லை.

ஊருக்கே தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பதினைந்து வருஷம் அப்படித்தான் போயிற்று.

பிறகு அரசாங்கம் எல்லாத் தாள்களையும் போனுக்குள் கொண்டுவந்தது. குறை சொல்ல முடியாது. முன்பெல்லாம் ஒரு முத்திரைக்காக விடியற்காலையில் கிளம்பி, பனியில் மூன்று மணி நேரம் வண்டியில் குலுங்கி, மாவட்டத் தலைநகரில் வரிசையில் நின்று, 'நாளைக்கு வா' என்ற பதிலோடு திரும்புவோம். இப்போது எங்கள் அலுவலகத்திலேயே கேமராவும் கைரேகைப் பெட்டியும் வந்துவிட்டன. பதினாறு வயது ஆனவர்கள் இங்கேயே வந்து அடையாள அட்டைக்குப் பதிந்துகொள்ளலாம். அட்டை வந்ததும் போனில் அவர்கள் பெயருக்கு ஒரு பக்கம் திறக்கும். அதில் பிறப்புச் சான்றிதழும் தாய் தகப்பன் பெயரும் வரிசையாக நிற்கும். அதை மெத்தைக்குள் வைத்துத் தைக்க முடியாது.

பெகிமாய்க்குப் பிப்ரவரி கடைசியில் பதினாறு.

ஜனவரியில் ஒரு நாள் குமுஷாய் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நான் புளித்த மாவு கொஞ்சம் வாங்கப் போயிருந்தேன். போன் அடித்தது. கையெல்லாம் மாவு என்பதால், ஒலிபெருக்கியில் போடச் சொல்லி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். போட்டேன். நுர்சாத்.

"அக்கா, நல்லா இருக்கீங்களா? மாடு கன்னு போட்டுச்சா?"

"இன்னும் இல்ல. போடுற மாதிரி பாவ்லா காட்டிக்கிட்டு இருக்கு. அங்க குளிரா?"

"குளிருதான். அக்கா, போன்ல அரசாங்கப் பக்கத்துல 'என் பிள்ளைகள்'னு புதுசா ஒன்னு வந்திருக்கு. மூணுன்னு போட்டிருக்கு."

குமுஷாயின் கை மாவுக்குள் நின்றுவிட்டது.

"மொதல்ல பெகிமாய் படம். பள்ளிக்கூடத்துல எடுத்தது போல. ரெட்ட ஜடை."

குமுஷாய் கையை மாவிலிருந்து உருவினாள்.

"நான் எதுவும் கேக்கலக்கா. சும்மா பாத்தேன். வேலைக்குப் போறப்ப ரயில்ல பாப்பேன், அவ்வளவுதான். பதினாறாகப் போகுது, தாய் ஒப்புதல் குடுக்கணும்னு கீழ எழுதியிருந்துச்சு. அமுக்கிட்டேன்."

"அமுக்கிட்டியா?"

"நீங்க அமுக்கினா அது ஏத்துக்காதேக்கா." பின்னால் தையல் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. "ஜூலைல வரலாம்னு இருக்கோம். இந்தத் தடவ கொஞ்ச நாள் சேந்தாப்புல இருக்கணும்."

போன் நின்ற பிறகு குமுஷாய் மாவைத் தொடவில்லை. "சேந்தாப்புலன்னா என்னடி அர்த்தம்?" என்று என்னைக் கேட்டாள்.

அன்று சாயங்காலமே பெகிமாய் பனிப் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடி வந்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

"அம்மா, நீங்க ஒப்புதல் குடுத்துட்டீங்களா? 'தாய் ஒப்புதல் அளித்துவிட்டார்'னு எனக்குச் செய்தி வந்திருக்கு. எங்க வகுப்புல எனக்குத்தான் மொதல்ல."

"ஆமா."

"எப்படிப் பண்ணீங்க? உங்களுக்குப் போன்ல பேசுறதுக்கே பச்சை எது செவப்பு எதுன்னு நான் காட்டணும்."

"அமுக்கினேன். பூட்ஸக் கழட்டு, தரையெல்லாம் தண்ணி."

அடுத்த வாரம் குமுஷாய் அலுவலகத்துக்கு வந்தாள். ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து பதிவுகள் பார்ப்பவள் ஜிபெக். இருபத்து மூன்று வயது. இரண்டு வருஷத்துக்கு முன் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவள் புருஷன் ஷைலோபெக்குக்குச் சித்தப்பா மகன். மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து, பெயரை மாற்ற வழி உண்டா என்று குமுஷாய் கேட்டாள். யாருடைய பெயர் என்று சொல்லவில்லை. ஜிபெக்கும் கேட்கவில்லை.

"கோர்ட்டுக்குப் போகணும்க்கா. பெத்தவங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்."

"போட்டுட்டா?"

"பத்து வயசு தாண்டின பிள்ளைன்னா அதுக்கும் சம்மதமான்னு கேப்பாங்க. நேர்ல கூப்பிட்டு."

குமுஷாய் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து போனாள். நான் துடைத்து வைத்த தரையில் அவள் நடந்த ஈரம் வாசல்வரை கோடாக இருந்தது.

ஜிபெக்கின் வேலைமுறையைச் சொல்ல வேண்டும். அவள் மேசையில் இரண்டு திரைகள். ஒன்று அவளைப் பார்த்திருக்கும். மற்றது மக்கள் பக்கம் திரும்பியிருக்கும். வந்தவர் தன் விவரங்களைத் தானே பார்த்து, சரி என்று தொட வேண்டும் என்பது புது விதி. அந்தத் திரை வேலை செய்யாவிட்டால், ஊழியர் விவரங்களை ஒவ்வொன்றாக உரக்கப் படிக்க வேண்டும், வந்தவர் "ஆமா" என்று சொல்ல வேண்டும். மேசை மேலிருக்கும் ஒலிவாங்கி அதைப் பதிவு செய்து நகரத்துக்கு அனுப்பும்.

மற்ற ஊர்களில் அது சரிப்படும். இங்கே சரிப்படாது. புருஷன் வழி மூத்தவர்களின் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. ஊரில் பாதிப்பேர் ஜிபெக்குக்கு மாமனார் முறை, மைத்துனர் முறை, மூத்த ஓரகத்தி முறை. வேலைக்கு வந்த புதிதில் ஒரு தடவை மின்சாரம் போய்த் திரை அணைந்தபோது, தெமிர்பெக் பெரியவரைப் பதிந்துகொண்டிருந்தாள். தெமிர் என்றால் இரும்பு. "கறுப்பு உலோகம்... பெரியப்பா" என்று அவள் ஒலிவாங்கியில் சொல்ல, கிழவர் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. "ஏம்மா, நகரத்துல என்னக் கொல்லன் பட்டறைல எழுதிக்கப் போறாங்க" என்றார். அதற்குப் பிறகு ஜிபெக் ஒரு வழி கண்டுபிடித்தாள். விவரத்தை அச்செடுத்து வந்தவரின் கையிலேயே கொடுத்து, "நீங்களே படிங்க" என்பாள். விதிப்படி அது சரியில்லை. யாரும் புகார் செய்யவில்லை.

நான் அங்கேயே துடைத்துக்கொண்டு திரிகிறவள். இத்தனையையும் பார்த்திருந்தும் கடைசியில் யோசிக்காமல் போனேன்.

பெகிமாய் பதிய வேண்டிய நாளுக்கு முந்தின நாள் குமுஷாய் மண்சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். முகம் சாம்பல் பூத்திருந்தது.

"தூங்கி நாலு நாள் ஆச்சு. சான்றிதழ் தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிப் பாத்தேன். 'பரவால்லம்மா, எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கு'ங்குறா. உடம்பு சரியில்லன்னு சொன்னேன். 'நீங்க படுத்திருங்க, நான் மட்டும் போறேன்'ங்குறா."

"நீயே சொல்லிடேன்" என்றேன். அவ்வளவு பேசியதே எனக்கு அதிகம்.

"சொல்லி? பதினாறு வயசுப் பொண்ணு. ஜூலைல அவ வரா. மாஸ்கோல வீடு, ரெண்டு தம்பிங்க, பெத்தவ. இங்க என்ன இருக்கு, என் மாடா?" சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். "அந்தப் பக்கம் திரும்பின திரை இருக்குல்ல. அத நாளைக்கு ஒரு நாள் எரியாம பண்ணிடுடி."

"நானா?"

"நீதானே தரை துடைக்கிற. ஒயரு தரையிலதானே கெடக்கு."

அரசாங்கப் பொருளில் நான் கை வைத்ததே இல்லை. அங்கே மேலே ஒரு கேமராவும் உண்டு. வேலை போனால் எங்கள் வீட்டில் வேறு வருமானம் இல்லை. அன்று தேநீர்க் கிண்ணம் ஒன்றை உடைத்தேன். ஆனாலும் காலையில் சீக்கிரம் போனேன். அடுப்பை மூட்டினேன். வாளியை மேசைக்குப் பக்கத்தில் வைத்து, முதுகைக் கேமராவுக்குக் காட்டிக் குனிந்து துடைத்தேன். துடைக்கும்போது வெளிப்பக்கத் திரையின் பிளக்கைச் சுவரிலிருந்து இழுத்துவிட்டேன். எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது என்று இன்னும் பயமாக இருக்கிறது.

பத்து மணிக்கு அவர்கள் வந்தார்கள். பெகிமாய் வெள்ளைச் சட்டை போட்டு, ஜடையைப் பிரித்து ஒற்றைப் பின்னலாகப் பின்னியிருந்தாள். குமுஷாய் உள்ளே வரவில்லை. நடைவழியில் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"வாங்கம்மா" என்றாள் பெகிமாய்.

"உள்ள சூடா இருக்கு, எனக்கு மூச்சு முட்டும். நீ போ."

கைரேகை எடுத்தார்கள். படம் எடுத்தார்கள். "சிரிக்கக் கூடாதா?" என்று பெகிமாய் கேட்டாள். "சிரிச்சா வேற ஆளுன்னு நெனச்சுக்கும்" என்றாள் ஜிபெக். பிறகு வெளிப்பக்கத் திரையைப் பார்த்தாள். கறுப்பு. தட்டினாள். பொத்தானை அழுத்தினாள்.

"இது என்ன, நேத்து வரைக்கும் எரிஞ்சுதே."

நான் நிலக்கரி வாளியை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் நகர்ந்தேன். ஜிபெக் நகரத்துக்குப் போன் போட்டாள். நாளைக்கு வரச் சொல்வார்கள், நாளைக்குள் ஏதாவது ஆகும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். போனை வைத்துவிட்டு அவள், "குரல்ல பண்ணச் சொல்லுறாங்க" என்றாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஐந்து மாதமாக நான் பார்த்திருக்கிறேன், திரை எரிந்தால் இந்த வயசுப் பிள்ளைகள் எதையும் படிப்பதில்லை. தங்கள் படத்தை மட்டும் பார்ப்பார்கள், "அய்ய, மூக்கு எவ்வளவு பெருசா இருக்கு" என்பார்கள், 'சரி' என்பதைத் தொட்டுவிட்டு ஓடுவார்கள். பெகிமாயும் அப்படித்தான் ஓடியிருப்பாள். நான் பிளக்கைப் பிடுங்கியதால் இப்போது அது தாளில் வரப் போகிறது. அவள் கைக்கே வரப் போகிறது.

அச்சு இயந்திரம் கரகரவென்று தாளைத் தள்ளியது. ஜிபெக் எடுத்துப் பார்த்தாள். அவள் கண் ஓர் இடத்தில் நின்றது. மருமகளாக வந்து இரண்டு வருஷமானவள், அவளுக்கும் தெரியும். அவள் படிக்க வேண்டும், படிக்க வாய் வராது. படித்தாலும் கெடுதல், கொடுத்தாலும் கெடுதல். என்னைப் பார்த்தாள். நான் அடுப்பைப் பார்த்தேன். ஒலிவாங்கியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"குடுங்கக்கா, நானே படிக்கிறேன்" என்று பெகிமாய் கையை நீட்டினாள். "நீங்க எங்க வீட்டு ஆளுங்க பேரச் சொல்லக் கூடாதே. கறுப்பு உலோகம் கதை எங்களுக்கும் தெரியும்."

ஜிபெக் தாளைப் பிடித்திருந்த விரல்கள் உடனே விடவில்லை. அந்தப் பெண் மெதுவாக இழுத்து வாங்கினாள்.

குடும்பப்பெயரைப் படித்தாள். தன் பெயரைப் படித்தாள். பிறந்த தேதி, பிறந்த ஊர். குரல் பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பது போல இருந்தது. பிறகு நின்றது. அடுப்பில் ஒரு கரி வெடித்தது. நடைவழிக் கதவு முழுதாகச் சாத்தவில்லை என்பதை அப்போதுதான் பார்த்தேன். இடுக்கில் குமுஷாயின் பூட்ஸ் தெரிந்தது. அது அசையவில்லை.

பெகிமாய் தாளைக் கொஞ்சம் கிட்டத்தில் கொண்டுபோனாள். ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு பால் பாத்திரம் பொங்கும் நேரம் இருக்கலாம்.

"தகப்பன்," என்றாள். "ஷைலோபெக்."

ஜிபெக் நிமிர்ந்தாள். தாளில் இருப்பது தம்பியின் பெயர்.

"தாய். குமுஷாய்."

அதை மற்றவற்றைவிடக் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள், ஒலிவாங்கிக்கு அல்ல, கதவுப் பக்கமாக. தாளை நாலாக மடித்தாள். "எல்லாம் சரியா இருக்கு" என்றாள்.

படித்தது பதிவோடு ஒத்துப்போகாவிட்டால் திருப்பி அனுப்ப வேண்டும், அதுதான் விதி. ஜிபெக்கின் கை மவுஸ் மேலேயே இருந்தது. அவளுக்கும் புது வேலை, அவள் புருஷனுக்கும் வேலை இல்லை. நகரத்தில் யாரோ ஒருவர் அந்தக் குரலைப் போட்டுக் கேட்கலாம். கேட்காமலும் போகலாம். சொடுக்கினாள். சிவப்பு விளக்கு அணைந்தது.

"ரெண்டு வாரத்துல அட்டை வரும்" என்றாள்.

பெகிமாய் நேரே என்னிடம் வந்தாள். மடித்த தாளை நீட்டினாள். "அத்தை, இத அடுப்புல போட்டுடுங்க." போட்டேன். எரியும்வரை நின்று பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மாவுக்கு ஒரு எழுத்துகூட அடிக்கத் தெரியாது அத்தை. ஒப்புதல் யாரு குடுத்தாங்கன்னு நான் ஒரு மாசமா யோசிச்சேன்" என்றாள். நான் அடுப்புக் கதவைச் சாத்தினேன். அவள் அதையே பதிலாக எடுத்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன். தலையை ஆட்டினாள்.

நடைவழியில் குமுஷாய் இன்னும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். தாளில் இருப்பது அவளுக்குத் தெரியும். மகள் வாயிலிருந்து வந்ததும் கேட்டது.

"எந்திரிங்கம்மா" என்றாள் பெகிமாய். "பசிக்குது. காலைல ஒன்னும் சாப்பிடல."

"கொழுக்கட்டை பண்ணித் தரவா?"

"பண்ணுங்க. ஜூலைல சித்தி வரும்போதும் பண்ணுங்க, அவங்களுக்குப் பிடிக்கும்."

சித்தி என்றுதான் சொன்னாள். குமுஷாய் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஆனால் அவள் முகத்தில் பயம் போகவில்லை. ஜூலை இன்னும் நாலு மாதம். அதற்குள் அட்டை வரும், அந்தப் பெண்ணின் போனில் பக்கம் திறக்கும், அது எந்நேரமும் சட்டைப்பையில் இருக்கும். இருவரும் படியிறங்கிப் பனியில் நடந்தார்கள். பெகிமாய் முன்னால் போகவில்லை, தாயின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, வழுக்கும் இடங்களில் நின்று நின்று போனாள்.

நான் வாளியை எடுத்துக்கொண்டு மேசைக்குப் பின்னால் குனிந்தேன். பிளக்கைச் சொருகினேன். வெளிப்பக்கத் திரை சட்டென்று எரிந்தது. ஜிபெக் அந்தப் பக்கத்தை இன்னும் மூடவில்லை. பெகிமாயின் சிரிக்காத படமும், கீழே பெரிய எழுத்தில் தாய் நுர்சாத் என்பதும், யாரும் இல்லாத நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தன.

என் கையில் ஈரத்துணி இருந்தது. என்ன நினைத்தேனோ, அந்த எழுத்தின் மேல் துடைத்தேன். எழுத்து அப்படியே இருந்தது. தண்ணீர் மட்டும் வழிந்தது.

"ஈரத்துணி போடாதீங்கக்கா" என்றாள் ஜிபெக். பிளக்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "கெட்டுப்போகும்."

பிறகு பக்கத்தை மூடினாள். வெளியே வரிசையில் அடுத்தவர் கதவைத் தட்டினார்.